உறங்கும்போது அளந்த கை

மக்கா,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. ஒட்டி அனுப்பினாலும் லில்லி அதைக் கஞ்சிப்பானை ஆவியில் காட்டிப் பிரித்து, வாசித்து, மறுபடியும் ஒட்டித்தான் உன்னிடம் தருவாள். அவளுக்கு எதற்கு வீண் வேலை? தினமும் காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அருமனைக்கு மீன் கொண்டுவருகிறவள், திரும்பிப் போகும்போது காலிப் பெட்டியில் வைத்து இதையும் கொண்டுவருவாள். ஆகவே முதல் வணக்கம் லில்லிக்கு. பிள்ளே லில்லி, வாசிக்கிறதை வாசி, ஆனால் சாளை மீன் வெள்ளத்தை இதில் சொட்டவிடாதே. அவள் நாலு பேருக்குச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. நான் செய்ததைக் கேட்டால் அந்த நாலு பேராவது தங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் இருப்பார்கள்.

நீ போனை எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகட்டும், பேச்சில் நான் ஒழுங்காக இருந்ததும் இல்லை. நீ போகும்போது ரப்பர் மரங்களுக்கெல்லாம் மழைக்காகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். இப்போது இலை உதிரத் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட நாளெல்லாம் உனக்கு எழுத நினைத்து, எழுதியதில் ஒவ்வொரு முறையும் ஒரு தமாஷ் புகுந்து, கிழித்துப் போட்டேன். தமாஷ் இல்லாமல் எழுத வரவில்லை. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ வளைகுடாவிலிருந்து ஒரு கையோடு வந்த நாள் முதல் எனக்கு ஒரு புதுக் கஷ்டம். வாயைத் திறந்தால் கை வருகிறது. நம் பேச்சில் பாதி கையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. உனக்குப் பேசிவைத்திருந்த கல்யாணம் கைகூடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லப்போய், பாதியில் நிறுத்தி இருமினேன். பார்க்க வந்தவர்களெல்லாம் கை கொடுக்கிறோம் என்றார்கள். சொன்ன பிறகு அவர்கள் பார்வை போன இடத்தை நீயும் பார்த்தாய். சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த பெரியவர் உன் கட்டிலருகில் நின்று, “கர்த்தர் ஒருநாளும் கைவிடமாட்டாரு மோனே” என்றார். நீ சுவரைப் பார்த்தபடியே, “விட்டாச்சே” என்றாய். அவர் வேதப்புத்தகத்தை மூடினார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அதே தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். என் பிள்ளை உள்ளேதான் இருக்கிறான், கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று அந்த ஒரு வார்த்தையை வைத்து முடிவுகட்டினேன். அந்த முடிவுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அதன்பிறகு நீ சிரிக்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நான் பார்த்தேன், உனக்குத் தெரியாது. நம் லேத் பட்டறை வாசலில் இரும்புத் தகட்டின்மேல் நீயும் நானும் ஒரு ரூபாய் நாணயத்தை வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறோமே. உன் அப்பா இறந்த வருஷம், வீட்டில் சிரிப்பே இல்லாமல் கிடந்தபோது, நீதான் அந்த யோசனையைச் சொன்னாய். பழுதுபார்க்கக் கொடுக்க வந்த தங்கராஜ் அண்ணன், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரைத் தோளில் வைத்துக்கொண்டே குனிந்து எடுக்கப் பார்த்து, ரோலரோடு உட்கார்ந்தார். “தள்ளைக்கும் மோனுக்கும் மரை கழண்டு போச்சு” என்று அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து வைதுகொண்டே அவரும் சிரித்தார். அன்றிலிருந்து பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் நீ குனிந்து அந்த நாணயத்தை ஒருமுறை சுரண்டிவிட்டுத்தான் வருவாய். விமான நிலையத்திலிருந்து வந்து கார் நின்ற அன்றும் வாசலில் குனிந்தாய். பழக்கம். தோள் முன்னால் போனது, முழங்கை மடங்கியது, சட்டைக் கை மட்டும் நாணயத்தின்மேல் ஆடியது. நீ நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாய். நான் ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டேன்.

அந்தத் தோளும் முழங்கையும் போன வேகத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கைதானே இல்லை, தள்ளுகிற பலம் அப்படியே இருக்கிறதே என்று. நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். இருப்பதை வைத்து இல்லாததைச் செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. உனக்குத் தெரியும், லில்லிக்குத் தெரியாதே, அதனால் விளக்குகிறேன்: லேத்தில் இரும்பு சுற்றும், டூல் வெட்டும். இடது கை டூல் இருக்கிற வண்டியை நீளவாக்கில் ஓட்டும். வலது கை ஒரு சின்னக் கைப்பிடியைத் திருகி டூலை இரும்புக்குள் செலுத்தும். அந்தத் திருகலுக்கு விரல் வேண்டும். திருகலுக்குப் பதில் தள்ளல் ஆக்கிவிட்டால்? ஒரு நெம்புகோல், அதன் நுனியில் கிண்ணம் மாதிரி ஒன்று. கிண்ணத்துக்குள் உன் மீதிக் கையை வைத்து முன்னால் தள்ளினால் டூல் உள்ளே போகும், இழுத்தால் வெளியே வரும். பெரிய லேத்துகளில் இப்படி நெம்புகோல் வைத்தது உண்டு. நம்முடையது மேசைமேல் குந்தியிருக்கிற குட்டி. அதற்கு யாரும் செய்து விற்பதில்லை.

லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலையைக் காய்ச்சி நிமிர்த்தி நெம்புகோல் ஆக்கினேன். முதலில் செய்ததை நேராக வைத்தேன். அது பின்னால் நிற்கிற டெயில் ஸ்டாக்கில் போய் முட்டியது. வளைத்தேன், இரும்புச் சீவல் விழுகிற தட்டில் முட்டியது. பெரிய இடத்துச் சம்பந்தத்தைக் குச்சு வீட்டுக்குள் கொண்டுவந்த கதை, திரும்புகிற பக்கமெல்லாம் இடி. வண்டியின் உடம்பில் புதிதாகத் துளை போடவும் பயம், வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் லேத்தே போயிற்று. கடைசியில்தான், நீளமான கம்பிக்குத் தாங்கி மாட்டுவதற்காக வண்டியில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு துளைகள் கண்ணில் பட்டன. நாம் அந்தத் தாங்கியை மாட்டியதே இல்லை. துளை நிறைய எண்ணெய் அழுக்கு. குச்சியால் தோண்டிச் சுத்தம் செய்து, அதில் ஒரு தாங்கலை முறுக்கி, தாங்கலில் பித்தளை புஷ் வளையம் போட்டு நெம்புகோலை உட்கார வைத்தேன்.

முதல்முறை தள்ளியபோது டூல் இரும்பைக் கடித்துவிட்டது. திருகும்போது மயிரிழையாகப் போவது, தள்ளும்போது விரற்கடையாகப் போகிறது. கம்பி, அதைக் கவ்விப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தகரக் கூரையில் அடித்தது. நீ உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டாய். நான், “ஒண்ணும் இல்ல மக்கா, தேங்கா விழுந்து” என்றேன். நம் பட்டறைக்கு மேலே தென்னையே கிடையாது.

பிறகு நெம்புகோல் ஆடுகிற ஆணியை வெட்டுகிற பக்கத்துக்கு நெருக்கி வைத்தேன். கை ஒரு சாண் நகர்ந்தால்தான் டூல் இம்மி நகரும்படி ஆயிற்று. அதற்கு மேல் போகாமல் தடுக்க ஒரு போல்ட். நுனியில் மரை போட்டு, கிண்ணத்துக்குப் பதிலாக இப்போதைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பிடிப்பித்து, உள்ளே ரப்பர் ஷீட் ஒட்டினேன். தங்கராஜ் அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது என்ன எழவு தங்கச்சி? இடியாப்பம் பிழியதுக்கா?”

“இல்லண்ணா, உங்க ரோலருக்க கழுத்தப் பிழியதுக்கு.”

“அப்பம் எனக்க ரோலர எப்பந்தான் தருவ?”

“பிழிஞ்ச பொறவு.”

அவர் சிரட்டையைத் தொட்டுப் பார்த்தார். உன் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவன்கிட்ட கேட்டியா?” என்றார். நான், “கேட்டா வேண்டாம்னுல்லா சொல்லுவான்” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்குத்தான் காதில் விழவில்லை.

என் வலது கையை முஷ்டி பிடித்து, துண்டால் சுற்றி, சிரட்டைக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அழகாக வெட்டியது. ஆனால் என் முஷ்டி உன் கை ஆகுமா? உன்னுடையது முழங்கைக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லை, நுனியில் தையல் ஓடியிருக்கிறது, எந்தப் பக்கம் தடிப்பு எந்தப் பக்கம் மென்மை என்று எனக்குத் தெரியாது. நீ அதைத் துவாலைக்குள் வைத்துக்கொண்டே இருந்தாய். அளவு இல்லாமல் கிண்ணம் கடைய முடியாது. துணிக்கடைக்காரி ஆளைப் பார்த்தே அளவு சொல்வாள். லேத்துக்காரிக்கு அது ஆகாது, தொட்டு அளந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. கல்யாண வீட்டில் பந்தல் காலைக்கூட விரலால் சுற்றிப் பார்த்துத் தடிமன் சொல்கிறவள்தானே உன் அம்மா.

அன்று மத்தியானம் மழை. கரண்ட் போய்விட்டது. லேத் நின்றது. நீ நன்றாக உறங்கினாய். அத்தனை மாதத்தில் நீ அப்படி வாய் திறந்து உறங்கி நான் பார்த்ததில்லை. அது ஏன் அன்றைக்கு மட்டும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. துவாலை விலகியிருந்தது, அதைத்தான் பார்த்தேன். தடிமன் அளக்கிற காலிப்பரை எடுத்து, குளிர்ந்த இரும்பு பட்டால் விழிப்பாய் என்று அதன் இரண்டு வளைந்த கால்களையும் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன். முழங்கைப் பக்கம் ஒரு அளவு எடுத்தேன். நடுவில் ஒன்று. தையல் பக்கம் கொண்டுபோகும்போது நீ கண்ணைத் திறந்தாய். அசையவில்லை. கண் மட்டும் என் கையிலிருந்த காலிப்பருக்குப் போனது, அங்கிருந்து உன் கைக்கு வந்தது.

“என்ன செய்யுத?”

“ஒண்ணும் இல்ல மக்கா. உறங்கு.”

“எனக்க கைய அளக்குத.”

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். பட்டறையில் செய்துவைத்திருப்பதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது தமாஷ்தான். “சட்டைக்கு ஒரு கைத் துணி மிச்சம் பண்ணலாமே எண்ணு பாத்தேன்” என்றேன்.

நீ சத்தம் போடவில்லை. வைதிருந்தால்கூட நான் இப்போது நிம்மதியாக இருப்பேன். எழுந்து உட்கார்ந்து, துவாலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாய்: “நான் உனக்க பட்டறைக்கு வந்த ஜாப் இல்லம்மா.”

லில்லி, ஜாப் என்றால் வேலை இல்லை. லேத்தில் மாட்டுகிற துண்டை, அறுக்கிறதும் கடைகிறதுமான அந்த இரும்பை, நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மறுநாள் காலையில் பையை எடுத்தாய். பையின் வாய்க்கயிற்றின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறுநுனியை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டாய். இரண்டு தடவை நழுவியது. “கெட்டித் தரட்டா மக்கா?” என்று கேட்டேன். கயிறு பல்லில் இருந்தபடியே, “கை வையாத” என்றாய். வாசலில் நாணயத்தைத் தாண்டிப் போனாய், குனியவில்லை.

நீ எங்கே போனாய் என்று எனக்குச் சொன்னது லில்லிதான். அயலை மீன் கழுவுகிற என் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு தானாகவே ஆரம்பித்தாள்.

“உனக்க மோன் எங்க பக்கந்தான் இருக்கான், கேட்டியா. கூட்டாளிக்க மொபைல் கடையில. போனுக்குக் கண்ணாடி ஒட்டுதான்.”

“ஒத்தக் கையிலயா?”

“பின்ன, காலிலயா? ஒரு கட்டையில போன் அளவுக்குப் பள்ளம் தோண்டி, அடியில துணி வச்சிருக்கான். போன அதுக்குள்ள வச்சா இம்மி ஆடாது. எனக்க போனுக்கும் அவந்தான் ஒட்டினான். ஒரு குமிழி உண்டா பாரு.”

மீன் கையோடு வாங்கிப் பார்த்தேன். குமிழி இல்லை. அந்தக் கட்டையை நீயே செய்தாயாம், ஒற்றைக் கையால் உளி பிடித்து, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு. என்ன மரம் என்று கேட்க நாக்கு துடித்தது. பலா என்றால் நார் எழும்பாது, ஆனால் ரப்பர் மரம் என்றால் மழைக்கு… வேண்டாம். கேட்கவில்லை. இங்கேயும் கேட்கவில்லை, இது கணக்கில் சேராது.

அவள் எழுந்து போகும்போதுதான் அதைச் சொன்னாள். “அங்க அவனுக்கு நல்ல உறக்கம் உண்டாம். கடலுக்க இரைச்சல்ல அந்த மெஷினுக்க சத்தம் கேக்காதாம்.”

“எந்த மெஷின்?”

“எனக்கென்ன தெரியும்? அங்க அவனுக்க கைய இழுத்த மெஷினா இருக்கும்.” பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, திரும்பி நின்றாள். “நீயும் ஒண்ணு ஓட்டுதல்லா, பிள்ளே.”

அயலை எனக்கு அன்று கருகியது. உன் கட்டிலுக்கும் லேத்துக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். நீ யாரையும் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை, மக்கா. சத்தம் வருகிற பக்கம் முதுகைக் காட்ட உனக்குப் பயம். கண்ணை மூடாமல் காவல் இருந்திருக்கிறாய். உன் கையைத் தின்ற சத்தத்தை உன் தலைமாட்டிலேயே நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓட்டினேன். போதாததற்கு, அதற்கு ஒரு புதிய கைப்பிடி செய்து, வா, வந்து பிடித்துக்கொள் என்று உன்னைக் கூப்பிடவும் இருந்தேன். நிறுத்து என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. லேத் நின்றால் அடுப்பும் நின்றுவிடும் என்று உனக்குத் தெரியும். வாயாடி நான், எனக்குப் பிறந்தவன் எப்படி இப்படி வாயை மூடிக்கொண்டான் என்று யோசித்துப் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவேன் என்ற பயத்தில்தான், இல்லையா? அப்பா இறந்தபோதே நீ அதைக் கற்றுக்கொண்டிருப்பாய். நாணயத்தை ஒட்டும் யோசனைகூட எனக்காகச் சொன்னதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அழவேண்டியவன் நீ. என்னைச் சிரிக்கவைத்துவிட்டு நீ எங்கே போய் அழுதாய் என்று நான் கேட்டதே இல்லை.

கடிதம் என்றால் அம்மாக்கள் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். வலிக்கிற இடத்தில் சிரிக்கவைக்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இரு, உன் அம்மாவிடமும்தான். அவர்கள் பாதி நேரம் தங்கள் வலியைத்தான் மறைக்கிறார்கள். வேண்டும் என்பதை மெதுவாகச் சொன்னாலும் போதும், வேண்டாம் என்பதைச் சத்தமாகச் சொல். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நீ உறங்கும்போது வருகிறவர்களை விழித்துக்கொண்டு கேள், யாருக்கு நல்லது என்று. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஏதாவது குறை வந்தால், ஓடிப்போய் எதையும் செய்யாதே. பக்கத்தில் சும்மா உட்கார். எனக்கு வராத வேலை அதுதான். நீ கட்டிலில் கிடந்த மாதங்களில் பட்டறையில் சிரட்டையோடு நான் மல்லுக்கட்டியது, உன் பக்கத்தில் சும்மா உட்காரப் பயந்துதான்.

லேத்தை விற்றுவிட்டேன் என்று எழுதினால் இந்த இடத்தில் நன்றாக இருக்கும். விற்கவில்லை. விற்றால் சாப்பாட்டுக்கு வேறு வழியில்லை. நெம்புகோலைக் கழற்றவும் இல்லை. என் வலது தோள் இப்போது சரியாக எழும்புவதில்லை, கைப்பிடி திருகும்போது மணிக்கட்டுவரை இழுக்கிறது. உனக்கென்று செய்த அந்தச் சாமானை இப்போது நான்தான் தள்ளுகிறேன். எனக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. என் முஷ்டியை வைத்துப் பார்த்துச் செய்ததல்லவா, வேறு யாருக்குப் பொருந்தும்? சிரட்டையை மட்டும் கழற்றி அடுப்பில் வைத்தேன், எனக்கு வெறும் நுனியே போதும். ரப்பர் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

உன் கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கேயும் சத்தம் கேட்கும், பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லேத் ஓடாது, அது உனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். வரத் தோன்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சாயங்காலமே திரும்பிப் போய்விடு, நிற்கச் சொல்ல மாட்டேன். கடை எப்படி, கட்டை எப்படி என்று நானாகக் கேட்க மாட்டேன். வராவிட்டால் லில்லியிடம் ஏதாவது சொல்லியனுப்பு. வசவாக இருந்தாலும் போதும். அவள் அதோடு ரெண்டைச் சேர்த்தே சொல்வாள், அதில் எது உன்னுடையது என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தோடு துணியில் பொதிந்து அந்தக் காலிப்பரையும் லில்லியிடம் கொடுத்திருக்கிறேன். தங்கராஜ் அண்ணனின் ரோலருக்கு நூல் சுற்றி அளந்துகொள்வேன், அவர் வைவார், வையட்டும். அன்று எடுத்த அளவு அதில் அப்படியே இருந்தது. அதன் கால்களைச் சேர்த்து மூடிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீ கடலில் எறிந்தாலும் சரி, கடையில் வைத்துக்கொண்டாலும் சரி. இங்கே என்னிடம் இருந்தால் என்றைக்காவது நான் மறுபடியும் அளக்க வருவேன். அது உன் கையிலேயே இருக்கட்டும்.

அம்மா